மோட்டார் எஞ்சினின் நோய் நாடல்

பெட்ரோல் எஞ்சினுக்கு உணவு இரண்டு: ஒன்று பெட்ரோல், மற்றொன்று காற்று. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்வளவிற் காற்று மிகினும், பெட்ரோல் குறையினும், கலவை மெலியும். இதனையே மெக்கானிக்குகள் 'லீன்' என்பர். அந்நிலையில் எஞ்சின் நடுங்கி ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி தயங்கும். சிற்சில வேளை காற்று உட்புகும் வழியே வெடியொலி எழும். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துக் காணும். பாரம் ஏற்றிச் செல்லுங்கால் இதனைப் பொருட்படுத்தாது விடின், வால்வும் பிஸ்டனும் வெப்பத்தாற் கெடுதலும் உண்டு.

இந்நோயை அறிவித்தற்கு இக்காலத்து வண்டிகளில் ஒரு சான்று அமைந்துள்ளது. அது புகைக்குழாயிற் பொருத்தப்பெற்ற ஆக்ஸிஜன் சென்சார். 1976 ஆம் ஆண்டில் வோல்வோ வண்டிகளில் வழக்கிற்கு வந்த இவ்வகைக் கருவி, எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிகுந்திருப்பின் ஏறக்குறைய 0.1 வோல்ட்டும், குறைந்திருப்பின் 0.9 வோல்ட்டும் காட்டும். அதனைக் கொண்டு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடும். கூட்டிக் கூட்டி எல்லை கடந்தவிடத்து, விளக்கை எரியச் செய்து, 'பி0171' என்னும் குறியீட்டைப் பதிந்து வைக்கும்.

ஈண்டுதான் பலர் வழுவுகின்றனர். குறியீட்டைக் கண்டவுடன் சென்சாரே கெட்டதெனத் துணிந்து, புதியதொன்றை வாங்கி மாட்டுவர். சென்சார் கெடுதலும் உண்டு. ஆயினும் ஆராயாது மாற்றுதல் முறையன்று. நோய் வேறிடத்து இருப்பின், சின்னாளில் விளக்கு மீண்டும் எரியும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு அவ்வீண்செலவு பல நாள் ஊதியமன்றோ?

பின் எவ்வாறு ஆராய்வது? கம்ப்யூட்டர் எத்துணை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியது என்பதை ஸ்கேனர் காட்டும். இதற்கு 'ஃபியூயல் டிரிம்' என்று பெயர். இதனை இரு நிலைகளில் நோக்குக. வண்டி நிற்க எஞ்சின் மெல்ல ஓடும் ஐடில் நிலை ஒன்று. நிமிடத்திற்கு 2500 சுற்று ஓடும் நிலை மற்றொன்று. எடுத்துக்காட்டாக, ஐடிலில் கூட்டல் 22 விழுக்காடும், 2500 சுற்றிற் கூட்டல் 4 விழுக்காடும் காணின், ரப்பர் குழாய் வெடித்தோ, கேஸ்கட் பழுதுற்றோ, அளவிற்படாத காற்று உட்புகுகின்றதென்க. ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் காற்றுச் சிறிதாகலின், துளைவழிக் காற்று அதிற் பெரும்பங்காகும். வேகம் மிகுந்தபொழுது அதுவே சிறுபங்காய்விடும். உள்வழியிற் புகையைச் செலுத்தி, அது கசியும் இடத்தைக் கண்டு துளையை அறியலாம். மாறாக, வேகமும் பாரமும் மிகுந்தோறும் எண் உயருமாயின், பெட்ரோல் பம்பையும், ஃபில்டரையும், காற்றை அளக்கும் சென்சாரிற் படிந்த அழுக்கையும் ஐயுறுக. உள்வழியின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணிக்கும் வண்டிகளிலோ, துளைவழிக் காற்றும் கணக்கிற் சேருமாதலின், ஐடில் வேகம் உயர்தலே பெரும்பாலும் குறியாகும்.

மற்றொன்றும் மறத்தலாகாது. சென்சார் அறிவது ஆக்ஸிஜனையே, பெட்ரோலை அன்று. ஒரு சிலிண்டரில் தீப்பற்றாதொழியின், அதன் ஆக்ஸிஜன் செலவாகாது புகையிற் கலக்கும். சென்சாருக்கு முன்னே புகைக்குழாய் வெடித்திருப்பின், வெளிக்காற்று உட்கலக்கும். இவ்விரண்டிடத்தும் பெட்ரோல் குறையாதிருக்கவும் 'லீன்' என்றே சான்று வரும். சென்சார் பொய்யுரைத்ததன்று, தான் கண்டதைக் கூறிற்று. அதற்குப் பொருள் காண்டல் நம் கடன்.

சுவடியில் ஒரு பாடம் பொருந்தாதவிடத்து நல்ல பதிப்பாசிரியர் உடனே அடித்துத் திருத்தார். பிற சுவடிகளோடு ஒப்புநோக்குவர். மெக்கானிக்கும் ஒரு நிலையின் எண்ணை மற்றொரு நிலையின் எண்ணோடு ஒப்புநோக்கிய பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும். சான்று கூறியவனை ஒறுப்பதாற் குற்றம் ஒழிவதில்லை. எஞ்சினிடத்தேயன்றி மக்களிடத்தும் இது பொருந்துமென்பதை அன்பர்கள் உணர்வார்களாக.