கடை முதலில், மேடை பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹே இலக்கிய விழாவுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டம். ஊருக்குள் போய்க் கடை பார்க்க அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஹே-ஆன்-வை என்பது வேல்ஸும் இங்கிலாந்தும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கும் சின்னச் சந்தை ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. அந்த ஊர் வழியாக ஓடிய பயணிகள் ரயில் 1962 கடைசியில் நின்றுபோனது. அந்தக் காலத்தில்தான், ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்த ரிச்சர்ட் பூத் என்ற இளைஞர் அங்கே பழைய தீயணைப்பு நிலையத்தை வாங்கிப் பழைய புத்தகக் கடை திறந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய உன் வயதுதான். ஓடாமல் கிடந்த சினிமாக் கொட்டகையும் பிறகு புத்தகக் கடையாயிற்று. அமெரிக்காவில் நூலகங்கள் மூடப்படுவதை அறிந்து, ஊரில் உடல்வலுவுள்ள ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மூட்டை மூட்டையாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கடை போட்டார்கள். 1977 ஏப்ரல் 1 அன்று ஹே தனி நாடு என்றும் தானே அதன் மன்னர் என்றும் அறிவித்தார். தன் குதிரையைப் பிரதமராக்கினார். பத்திரிகைகள் அதை எழுத எழுத, ஊரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் புத்தகம் வாங்கினார்கள்.

நார்மன் ஃபுளோரன்ஸ், அவர் மனைவி ரோடா, மகன் பீட்டர் ஆகிய மூவரும் விழாவைத் தொடங்கியது 1988-இல். முதல் கடைக்கும் முதல் மேடைக்கும் நடுவே கால் நூற்றாண்டு இருக்கிறது. முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் 2001-இல் வந்து பேசும் அளவுக்கு அந்த விழா வளர்ந்தது. 2010-இல் திருவனந்தபுரத்திலும் அதன் பதிப்பு ஒன்று நடந்தது. இத்தனைக்கும் அடியில் இருப்பது அந்தக் கடைகள். தேர் ஓடும் நாளில் ஊரே திரளும். கோயில் நடை தினமும் திறக்க வேண்டும்.

நம்மூர்ப் புத்தகக் கண்காட்சியை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. ஒரே மைதானத்தில் நூற்றுக்கணக்கான ஸ்டால், பத்து சதவீதக் கழிவு என்பதெல்லாம் அங்கே கிடையாது. ஊருக்கு வெளியே புல்வெளியில் பெரிய கூடாரங்கள், ஒவ்வோர் உரைக்கும் தனி டிக்கெட், பேச்சு முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசை. மாணவர்களுக்கு இலவச இடங்கள் ஒதுக்குகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துகொள். நீ இருக்கும் கார்டிஃபிலிருந்து ஹியர்ஃபோர்ட் வரை ரயில், அங்கிருந்து சுமார் 20 மைல் பஸ். மே கடைசியானாலும் மழை வரும். தண்ணீர் புகாத காலணி போட்டுக்கொள்.

நாளுக்கு இரண்டு உரை போதும். ஒன்று, உனக்கு ஏற்கனவே பிடித்த எழுத்தாளருடையதாக இருக்கட்டும். இன்னொன்று, நீ பெயரே கேள்விப்படாதவருடையதாக இருக்கட்டும். பேச்சு பிடித்திருந்தால் அவர் நூலைப் புதுப்பிரதியாகவே வாங்கு. பழைய பிரதி விற்றால் எழுதியவருக்கு ராயல்டி போகாது.

மீதி நேரம் முழுக்கக் கடைவீதிக்கு. கவிதைக்கென்றே அங்கே ஒரு கடை உண்டு. கோட்டை வளாகத்தில் திறந்தவெளியில் அலமாரிகள் நிற்கும். ஆள் யாரும் இருக்கமாட்டார்கள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். எந்தக் கடையிலும் அட்டையைத் திறந்து முதல் வெற்றுத்தாளின் மேல் மூலையைப் பார். பென்சிலால் விலை எழுதியிருக்கும். அதற்குக் கீழே சில சமயம் பழைய சொந்தக்காரரின் பெயர், பரிசாகத் தந்தவரின் வாசகம், மூடிப்போன ஏதோவொரு நூலகத்தின் முத்திரை இருக்கும். அவசரப்படாமல் படி. ஒரு நூல் எத்தனை கைகள் மாறி உன்னிடம் வருகிறது என்று அந்த ஒரு தாளே சொல்லிவிடும். கடைக்காரரிடம் பேச்சுக் கொடு. என்ன தேடுகிறாய் என்று சொன்னால், நீ கேட்காத இரண்டையும் சேர்த்து எடுத்துக் காட்டுவார். பிறகு இணையத்தில் விலை ஒப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வராதே. அவர் நேரத்தை எடுத்துக்கொண்டு அப்படிச் செய்வது அநியாயம்.

போகும் முன் அந்த மண்ணின் புத்தகம் ஒன்றாவது படித்துவிடு. பக்கத்து ஊர் கிளைரோவில் உதவிப் பாதிரியாராக இருந்த ஃபிரான்சிஸ் கில்வர்ட்டின் நாட்குறிப்பு, புரூஸ் சாட்வின் 1982-இல் வெளியிட்ட ‘ஆன் தி பிளாக் ஹில்’ நாவல், இரண்டில் எது கிடைத்தாலும் சரி. மலையையும் பண்ணை வீடுகளையும் அதன்பிறகு வேறு கண்ணோடு பார்ப்பாய். ஹே உனக்குப் பிடித்துப்போனால், ஸ்காட்லாந்தில் விக்டவுன் என்று இன்னொரு புத்தக ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கடையையும் மாடி வீட்டையும் வாடகைக்கு எடுத்து ஓரிரு வாரம் நாமே கடை நடத்திப் பார்க்கலாம். காத்திருப்போர் பட்டியல் நீளம். இப்போதே பெயர் கொடுத்து வை.

படிப்பு முடிந்து வந்ததும் நம் ஊரில் இலக்கிய விழா எடுக்க வேண்டும் என்ற உன் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேடை, பந்தல், பிரபலம் என்று கணக்குப் போடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்: விழா முடிந்த மறுநாள் ஒரு பள்ளிப் பிள்ளை புத்தகம் வேண்டும் என்று வந்தால், ஊரில் எங்கே போகும்? அதற்குப் பதில் இல்லாத ஊரில் விழா மூன்று நாள் பரபரப்போடு முடிந்துவிடும். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, நாலு அலமாரி, மாலை தவறாமல் திறக்க ஓர் ஆள். அங்கிருந்து தொடங்கு. கூடுகிற வாசகர்களே ஒருநாள் உன்னிடம் விழா கேட்பார்கள்.

ஆகவே, நிரலில் பாதியை அடித்துவிடு. கையில் இருக்கும் பணத்தில் பாதியைக் கடைகளுக்கென்று எடுத்து வை. திரும்பியதும் என்னென்ன வாங்கினாய் என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா