உடற் பருமனும் சமூக நிலையும்

இரண்டு தலைமுறைகளுக்கு முன், தென்னாற்காட்டுச் சீமையில் தொந்தி என்பது சொத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. சேற்றில் இறங்கி உழைக்க வேண்டாதவரும், நாள்தோறும் நெல்லுச் சோறு உண்ண வல்லவருமே பருத்திருந்தனர். கூலிக்கு நாற்று நட்டவர்கள் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் உண்டு மெலிந்திருந்தனர். அதனாற்றான் "உடம்பு பூசினாற்போல் இருக்கிறது" என்பது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் இன்றும் பாராட்டாக வழங்குகிறது.

ஆயினும் இந்நிலை எங்கும் நிலைத்ததன்று. 1965ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, நியூயார்க் நகரின் மான்ஹாட்டன் பகுதியில் வறிய பெண்களிடையே பருமன் செல்வப் பெண்களைப்போல் ஆறு மடங்கு இருந்ததைக் காட்டியது. பின்னர் ஸோபல், ஸ்டங்கார்டு என்னும் அறிஞர் இருவர் 144 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, ஏழை நாடுகளில் செல்வரும், செல்வ நாடுகளில், குறிப்பாகப் பெண்களுள், வறியவரும் பருத்திருப்பதை 1989இல் எடுத்துரைத்தனர். நாடு செழிக்கச் செழிக்கப் பருமன் மாடி வீட்டிலிருந்து குடிசைக்கு இறங்குகிறது என்பதே இதன் பொருள்.

நாம் எப்படியில் நிற்கிறோம்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் 2015-16இல் நூற்றுக்கு 30.9, 2019-21இல் 40.4. அதே கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுற்றிருந்தனர். பருத்த தாயும் வளர்ச்சி குன்றிய பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் வாழக்கூடும். பருமனைத் தொடர்ந்து வரும் நீரிழிவைப் பற்றி 2017இல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சியோ, தமிழ்நாட்டு நகரங்களில் அந்நோய் வசதி குறைந்தவரிடையே மிகுந்திருப்பதைக் கண்டது. நகரத்தில் நிகழ்ந்தது பேருந்து செல்லும் கிராமத்துக்கு வர நெடுநாள் ஆகாது.

இதனைத் தனி மனிதரின் சோம்பலென்று கூறுவது எளிது, அது நியாயமன்று. ஏற்றம் இறைத்த கைகளுக்குப் பதில் பம்புசெட்டும், அரிவாளுக்குப் பதில் அறுவடை இயந்திரமும் வந்தன. முதுகொடிந்த உழைப்பு குறைந்தது நன்மையே. ஆனால் தட்டிலுள்ள சோறு குறையவில்லை. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அது பசியை விரட்டியது. அதனைக் குறைகூறுவோர் பசியை அறியாதவர். எனினும் அரிசி இலவசமாகவும், பருப்பும் காய்கறியும் பழமும் விலையேறியும் இருக்கையில், கூலிக்குடும்பம் எதனைக் கொண்டு வயிற்றை நிரப்பும்? திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. நிலக்கடலை இரகங்கள் நாடெங்கும் பெயர் பெற்றவை. அம்மல்லாட்டையை விளைவிப்பவரோ அதனை மூட்டையாக விற்றுவிட்டு, பாமாயில் பாக்கெட்டுடன் வீடு திரும்புகிறார்! பால் சங்கத்துக்குப் போகிறது. பிள்ளைக்குப் பிஸ்கத்து வருகிறது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். எல்லோரும் உண்டபின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் உண்பவர் அவர். வசதியுள்ளவர் மருத்துவர் சொற்படி காலையில் உலவலாம். கிராமத்துப் பெண் காரணமின்றி நடந்தால் ஊர் வாய் சும்மா இராது. நோய் முற்றியபின் கூலியும் போய், முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு அலைச்சலும் சேர்கிறது.

ஆகவே இது பஞ்சாயத்தின் அலுவலுமாகும். ஏரிக்கரையில் விளக்கிட்டு, பெண்கள் கூட்டமாக நடக்க வழி செய்யலாம். அது காலனிக்கும் ஊருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தருகே கீரைப் பாத்தியும் முருங்கையும் வளர்க்கலாம். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியதை எடுத்துக்காட்டி, நமக்கும் வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் இயற்றலாம். மல்லாட்டை அறுவடையில் ஒரு மூட்டையை வீட்டுக்கென ஒதுக்குதல் விவசாயியின் கையிலேயே உள்ளது.

அடுத்த கிராம சபைக்குச் சுகாதாரச் செவிலியரை அளவு நாடாவுடன் அழையுங்கள். இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகுந்தால், அவர்கள் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்குத் தனி மறைவிடம் அமையுங்கள். அளவை உரக்க வாசித்தல் வேண்டாம்.