ஆயில் என்ஜின் காலையில் புகைகிறதா?

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஆயில் என்ஜினைக் கிளப்புவது பல விவசாயிகளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. பத்து முறை ஹேண்டில் சுற்றினாலும் அது எளிதில் ஓடுவதில்லை. ஓடினாலும் விட்டு விட்டு வெடிக்கிறது. சைலன்சரில் புகை குபுகுபுவென்று வருகிறது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ம் தேதி மூடப்படுகிறது. அதன் பின்னர் பின்பட்ட தாளடி நெல்லுக்கு வடிமுனைக் குழாயும் பம்புசெட்டுமே துணை. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் தண்ணீர் தவறினால் பதர் கூடி மகசூல் குறையும். எனவே மின் இணைப்பு இல்லாத சிறு விவசாயி, என்ஜின் காட்டும் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம்.

காரணம் என்ன?

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டரில் உள்ள காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அப்போது காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியே பனிபோலப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

குளிர்ந்த காலையில் சிலிண்டரின் இரும்பு இந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். என்ஜின் ஆயிலும் கெட்டியாக இருப்பதால் வேகமாகச் சுற்ற முடியாது. ஆகவே முதல் ஓரிரு நிமிடம் சிறிது வெள்ளைப் புகை வந்து, என்ஜின் சூடானதும் மறைந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கழிந்தும் புகை நிற்காவிட்டாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

புகையின் நிறம்

வெள்ளைப் புகை: டீசல் நாற்றத்துடன் கண் எரிந்தால், எரியாத டீசல் வெளியேறுகிறது. நாசில் சொட்டுதல், காற்றமுக்கக் குறைவு, டீசல் பாயும் நேரம் பிசகுதல் ஆகியவை காரணம். நாற்றமின்றி நீராவி போல வந்துகொண்டே இருந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அல்லது ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் கசியலாம். என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் என்ஜினை ஓட்டவே கூடாது.

கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. ஏர் கிளீனர் அடைபட்டிருக்கலாம்; என்ஜின் சக்திக்கு மீறிய பம்பு இணைக்கப்பட்டிருக்கலாம். ஏர் கிளீனரைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்க்கவும். புகை குறைந்தால் கோளாறு அதில்தான். அழுக்கு ஆயிலைக் கொட்டி, டீசலில் கழுவி, புது ஆயிலைக் குறியளவுக்கு மட்டும் ஊற்றி மாட்டவேண்டும். ஏர் கிளீனர் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் தூசி புகுந்து லைனர் தேய்ந்துவிடும்.

நீலப் புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் குறிக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அளவு சரியாக இருந்தும் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும்.

விட்டு விட்டு ஓடினால்

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் டீசல் 750 தடவை பீச்சப்படுகிறது. இதில் சில தடவை தவறினாலும் ஓட்டம் தள்ளாடும். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். ரிங் போய்விட்டது என்று என்ஜினையே பிரித்த பிறகு, டேங்க் அடியில் தண்ணீர் நின்றதுதான் கோளாறு என்று தெரியவருவதும் உண்டு. ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது நல்லது.

1. டேங்க் அடியிலும் பில்டர் அடியிலும் தேங்கிய தண்ணீரையும் கசடையும் வடித்துவிடவும்.

2. பில்டர் கறுத்து அடைபட்டிருந்தால் மாற்றவும்.

3. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவும். முதலில் பில்டர் மேலுள்ள காற்றுத் திருகையும், அடுத்து டீசல் பம்பின் திருகையும் தளர்த்தி, குமிழி இன்றி டீசல் வந்ததும் இறுக்கவும். டீக்கம்பிரஷன் லீவரைத் தூக்கிச் சுற்றும்போது நாசிலில் ‘கிர்’ என்ற ஓசை கேட்டால் டீசல் சரியாகப் பாய்கிறது.

4. லீவரைத் தூக்காமல் பிளைவீலைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கவும். நல்ல என்ஜினில் பிளைவீல் எதிர்த்துப் பின்வாங்கும். எதிர்ப்பின்றிச் சுற்றினால் அமுக்கம் கசிகிறது. சீறல் ஓசை சைலன்சரில் கேட்டால் வெளியேற்று வால்வு, ஏர் கிளீனர் பக்கம் கேட்டால் உள்ளிழுப்பு வால்வு, என்ஜின் அடிப்பகுதியில் கேட்டால் ரிங் என்று அறியலாம். டேப்பட் இடைவெளி கையேட்டில் கண்டபடி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

நாசிலைச் சோதிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. சுமார் 200 கிலோ அழுத்தத்தில் வரும் டீசல், கை தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

தண்ணீர் எவ்வளவு சூடு?

பம்பிலிருந்து வரும் தண்ணீரை அப்படியே என்ஜினுக்குள் விட்டுக் குளிர்விக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. குளிர்ந்த தண்ணீர் மிகுதியாகப் பாய்ந்தால் என்ஜின் சூடேறாது, புகை நிற்காது, டீசல் வீணாகும், லைனரும் விரைவில் தேயும். வெளிவரும் தண்ணீர் சுமார் 60 டிகிரி, அதாவது கை வைத்தால் பொறுக்க முடியாத சூட்டில் இருக்கவேண்டும். இதற்கு உள்செல்லும் குழாயில் ஒரு வால்வு வைத்துத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் போதும்.

செய்யக் கூடாதவை

காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பக் கூடாது. தீப்பிடிக்கும், பிஸ்டன் உடையும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது. டீசல் பம்பும் நாசிலும் வழுவழுப்பின்றித் தேயும். மூடிய கொட்டகைக்குள் ஓட்டக் கூடாது; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். தோளில் துண்டுடன் பெல்ட் அருகே நிற்கக் கூடாது.

டேங்க்கை மாலையில் நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோக்காது. காலையில் ஆயில் அளவைப் பார்த்து, லீவரைத் தூக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் ஆயில் எங்கும் பரவும். பின்னர் வேகமாகச் சுற்றி லீவரை விட்டால் என்ஜின் எளிதில் கிளம்பும். ஓடிய மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, கையேட்டில் கண்ட கெடுவில் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவந்தால் லைனர் மாற்றும் பெருஞ்செலவு தள்ளிப்போகும்; பயிருக்கும் வேளை தவறாமல் தண்ணீர் பாயும்.