புது லாரி பட்டறையிலேயே நிற்கிறதா? சொந்த வண்டிக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரெட்டிபாளையத்தில் ஒரு லாரி நின்றால் ஒரு வீட்டின் வரவு நின்றுவிடும். தவணை மட்டும் நிற்காது. அல்ட்ராடெக் ஆலை இந்த ஊரிலேயே இருக்கிறது. டால்மியா, ராம்கோ, அரசின் டான்செம் என்று அரியலூர் வட்டாரம் முழுக்கச் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல்லையும் சிமென்ட் மூட்டையையும் நம்பி, ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்கள் இங்கே உண்டு. நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி எடுத்த புது வண்டி சில மாதங்களிலேயே பட்டறையில் படுத்தால் அவர் யாரிடம் போவார்? டீலரைக் கேட்டால் “கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்” என்பார். கம்பெனியின் இலவச எண்ணை அழைத்தால் “டீலரைப் பாருங்கள்” என்பார்கள். நடுவில் “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த அலைக்கழிப்புக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது தாளை. போனில் எத்தனை முறை கத்தினோம் என்பது எந்தக் கணக்கிலும் வராது. வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் அது எழுத்தில் பதிவாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: சாவி வாங்கும் நாளிலேயே கோப்பைத் தொடங்குங்கள்

டீலர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21. வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று படிவம் 22. இவற்றோடு பில், வாரண்டி புத்தகம், கடன் ஒப்பந்தம், காப்பீடு, ஆர்.சி. அனைத்தின் நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். தாளில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகின்றனவா, வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு, 2011-ல் புதிது என்று விற்கப்பட்ட 2009-ஆம் ஆண்டு காரைப் பற்றியது.

டிப்பர் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேசிஸ் ஒரு பில், பாடி கட்டியது வேறு பில் என்று இருந்தால், பின்னால் ஹைட்ராலிக் கோளாறுக்குச் சேசிஸ் கம்பெனி பாடி கட்டியவரைக் கைகாட்டும். அவர் கம்பெனியைக் கைகாட்டுவார். எந்தப் பாகத்துக்கு யார் வாரண்டி என்பதை வண்டி எடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 2: வண்டி நின்ற இடத்திலேயே சாட்சி சேருங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புது லாரிகள் பி.எஸ். 6 தரத்தவை. புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். அதில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். கரைசல் தரம் குறைந்தாலும், அதை அளக்கும் சென்சார் கெட்டாலும், வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். புகை வடிகட்டி அடைத்தாலும் இதே கதைதான். தப்பு கரைசலிலா, சென்சாரிலா என்பதில்தான் பெரும்பாலும் தகராறு வரும். ஆகவே:

- டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை, கிலோமீட்டர் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள்.
- நின்ற இடம், நேரம், ஏற்றியிருந்த பாரம் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள்.
- யூரியா கரைசல், டீசல், ஆயில் வாங்கிய ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.
- இழுவை வண்டிக்கும் கிரேனுக்கும் கொடுத்த காசுக்கு ரசீது வாங்குங்கள்.

படி 3: ஜாப் கார்டு இல்லாமல் வண்டியை விடாதீர்கள்

“சின்ன வேலைதான், கார்டு எதற்கு?” என்று பட்டறையில் சொல்வார்கள். கார்டு போடவில்லை என்றால் அந்த வண்டி அன்று பட்டறைக்கு வந்ததற்கே தடயம் இருக்காது. நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே அதில் இருக்கட்டும். “பொதுச் சோதனை” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். “மேட்டில் லோடோடு இழுவை இல்லை, மூன்றாம் முறை” என்று எழுதச் சொல்லுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பாகம் மாற்றப்பட்டது, கணினியில் என்ன பிழைக் குறியீடு காட்டியது, வண்டி எந்தத் தேதியில் உள்ளே வந்து எந்தத் தேதியில் வெளியே போகிறது. குறை தீரவில்லை என்றால் “திருப்தி” என்ற இடத்தில் கையெழுத்திடாமல் “குறை நீடிக்கிறது, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி பின்னால் பெரிய பலம்.

படி 4: வாரண்டியை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்

ஓவர்லோடு, தவறிய சர்வீஸ், வெளிப் பட்டறையில் பார்த்த வேலை, வெளியில் மாட்டிய உதிரி: மறுப்பதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள் இவை. முதல் காரணத்துக்கு நம் வட்டாரத்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஆலைக்குள் போகும் ஒவ்வொரு நடைக்கும் எடை மேடைச் சீட்டு கிடைக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள அளவுக்குள்தான் ஏற்றினீர்கள் என்பதற்கும், மாதம் எத்தனை நடை ஓடினீர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. அளவு மீறி ஏற்றினால் அதே சீட்டு உங்களுக்கு எதிராகவும் பேசும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 5: புகாரை எழுத்தில், மேலே மேலே கொண்டுபோங்கள்

போனில் பேசினால் புகார் எண்ணை வாங்கி, பேசிய செய்தியை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். டீலர், கம்பெனியின் மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம் மூன்றுக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, நான் … தேதியில் வாங்கிய … மாடல் லாரி, பதிவெண் …, சேசிஸ் எண் …. இதே குறைக்காக … தேதிகளில் பட்டறைக்கு வந்துள்ளது. ஜாப் கார்டு நகல்கள் இணைப்பில் உள்ளன. மொத்தம் … நாள் வண்டி ஓடவில்லை. என் குடும்பம் இந்த வண்டியின் வருமானத்தில் வாழ்கிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாளில் குறையை முழுமையாக நீக்கித் தாருங்கள். இயலாவிட்டால் வண்டியை மாற்றியோ, பணத்தைத் திருப்பியோ தாருங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

திட்டும் மிரட்டலும் வேண்டாம். தேதிகளின் பட்டியலே படிப்பவரை உலுக்கும்.

படி 6: 1915-ஐ அழையுங்கள்

இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். உங்கள் புகாரை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் பல நிறுவனங்களில் தூங்கும் கோப்பு இந்த இடத்தில் விழித்துக்கொள்ளும்.

பிரேக், ஸ்டியரிங், தீப்பிடிப்பு போன்ற உயிராபத்துக் குறை என்றால் இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 110-அ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு தயாரிப்பாளருக்கு உத்தரவிட முடியும். அதற்கான அரசு இணையதளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம்.

படி 7: சட்டப்படி நீங்கள் நுகர்வோரா?

இங்கேதான் பல லாரி வழக்குகள் கவிழ்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை அது நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு விலக்கு தருகிறது.

கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இயந்திரம் வாங்கியவர் அந்த வழக்கில் தோற்றார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் ஏலத்தில் லாரி எடுத்தவரின் வழக்கில், 2009-ல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், டிரைவர் வைத்து ஓட்டினாலும் அது அவருடைய சுயதொழில்தான் என்றது.

ஆகவே வண்டி உங்கள் பெயரில் இருக்கட்டும். “என் வாழ்வாதாரத்துக்காக, சுயதொழிலாக வாங்கினேன்” என்ற உண்மையை மனுவில் தவறாமல் எழுதுங்கள். பல வண்டிகள் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் இந்த வழி அநேகமாகக் கிடைக்காது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றம் போக வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

படி 8: உற்பத்திக் குறை என்பதை நிரூபியுங்கள்

அமெரிக்காவில் 1982-ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி ‘லெமன் சட்டங்கள்’ வந்தன. இத்தனை முறை பழுதுபார்த்தும் சரியாகாத புது வண்டிக்கு மாற்று வண்டி அல்லது பணம் என்று அவை கணக்கு வைத்திருக்கின்றன. இந்தியாவில் அப்படி எண்ணிக்கை எதுவும் இல்லை. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், கெட்ட பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அலைச்சலுக்காக இழப்பீடு மட்டும் கொடுத்தது. 2010-ல் ஃபியட் வழக்கிலோ, பிறவியிலேயே குறை இருப்பதாகச் சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது.

இரண்டு வழக்குக்கும் நடுவில் நிற்பது நிபுணர் அறிக்கை. வண்டியைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள்; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதுவரை வெளிப் பட்டறையில் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். மாற்றிய பழைய பாகம் கைக்குக் கிடைத்தால் தொலைக்காதீர்கள்.

படி 9: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள்

- எங்கே: நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். “வழக்கு எங்கள் தலைமையகம் உள்ள நகரில் மட்டும்” என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.
- எவ்வளவு: கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம்.
- கட்டணம்: 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.
- காலம்: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. “பார்க்கிறோம், பார்க்கிறோம்” என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இந்தக் காலம் கரைந்துவிடும்.
- யார் மேல்: டீலர், தயாரிப்பாளர் இருவர் மேலும். முதல் படியில் சொன்ன 2021 வழக்கில் தயாரிப்பாளருக்கு என்ன பங்கு என்று மனுவில் சொல்லாததால், டீலரின் செயலுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று முடிந்தது. ஒவ்வொருவரும் செய்த தவறைத் தனித்தனியாக எழுதுங்கள்.

வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வைக்க விரும்பி வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். உதவி எண் 15100. வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்துத் தரும்போது, மின்னணுச் சாட்சிக்கான சான்றையும் இணைக்க வேண்டும்.

படி 10: தவணையை நிறுத்தாதீர்கள், நட்டத்தைக் கணக்கிடுங்கள்

வண்டி ஓடவில்லை என்பதற்காக ஃபைனான்ஸ் கம்பெனி காத்திருக்காது. தவணை நின்றால் வண்டி கையை விட்டுப் போகும். அதோடு வழக்கின் முக்கியச் சாட்சியும் போகும். நிலைமையைக் கடன் கொடுத்தவருக்கு எழுதி, தவணையைத் தள்ளிக் கட்டக் கால அவகாசம் கேளுங்கள். ஓடிய மாதங்களின் வங்கிக் கணக்கு, எடைச் சீட்டு, ஃபாஸ்டேக் பதிவு ஆகியவற்றைக் காட்டினால் நின்ற நாட்களின் நட்டம் தானாகத் தெரியும்.

படி 11: தனியாக நிற்காதீர்கள்

ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் வண்டிகளில் உங்கள் மாடலே இன்னும் சில இருக்கும். அவற்றிலும் அதே குறையா என்று அண்ணன்மார்களைக் கேளுங்கள். ஒரு வண்டியில் வந்தால் “டிரைவர் ஓட்டிய விதம்” என்று தட்டிக் கழிப்பார்கள். ஐந்து வண்டியில் ஒரே பாகம், ஒரே கிலோமீட்டரில் போனால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு வழி செய்கிறது. தனித்தனியே போட்டாலும் ஒருவர் ஜாப் கார்டு மற்றவருக்குச் சாட்சியாகும். உத்தரவு வந்த பிறகும் கம்பெனி அசையவில்லை என்றால், 72-ஆம் பிரிவின்படி சிறையும் அபராதமும் விதிக்க முடியும்.

வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள், நாம் ஒருநாள் களைத்துப்போய் விட்டுவிடுவோம் என்று எண்ணுகிறார்கள். கோப்பு கையில் இருக்கிறவர் அவ்வளவு எளிதில் களைக்க மாட்டார். அடுத்த முறை வண்டி பட்டறைக்குள் போகும்போது, முதலில் ஜாப் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.