பழைய விமான எஞ்சின்: மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுபவர்கள் பலர் லைகாமிங் ஓ-320, ஓ-360 எஞ்சின்களைப் பழையதாகத் தேடி வாங்குகிறார்கள். விற்பவர் முதலில் சொல்வது ஓடிய மணிநேரத்தை. குறைவாக ஓடியிருந்தால் விலை ஏறும். ஆனால் சும்மா கிடப்பதும் எஞ்சினைக் கெடுக்கும். லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் கேம் ஷாஃப்ட்டின் மேல் உள்ள எண்ணெய் வடிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் ஈரம்பட்டுத் துரு பிடிக்கும். அதனால்தான் லைகாமிங் நிறுவனம், பல மாடல்களுக்கு 2,000 மணிநேரம் என்று வைத்த ஓவர்ஹால் வரம்போடு 12 ஆண்டு என்ற வரம்பையும் சேர்த்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை, லாக் புத்தகங்களைப் படிப்பது. எஞ்சின் தகட்டிலுள்ள வரிசை எண்ணும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆண்டுவாரியாக ஓடிய மணிநேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் சில ஆண்டுகள் வெறுமையாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. புரொப்பெல்லர் எதிலாவது மோதியதா, மோதியிருந்தால் எஞ்சினைப் பிரித்துச் சோதித்தார்களா என்பதற்கும் எழுத்தில் ஆதாரம் கேளுங்கள்.

அடுத்தது சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். கசிவு எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்விலும், பிரீத்தர் குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்கிலும் கோளாறு இருக்கலாம். ஆயில் ஃபில்டரை அறுத்து, உலோகத்துகள் இருக்கிறதா என்றும் தேடுங்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அந்தச் சோதனை சிலிண்டரின் நிலையைத்தான் சொல்லும், கேமின் நிலையைச் சொல்லாது. ஒரு சிலிண்டரையாவது கழற்றி, அங்கிருந்து தெரியும் கேம் முனைகளையும் அவை தள்ளும் டேப்பெட்டுகளையும் நேரில் பாருங்கள். குறிப்பாக, கேம், டேப்பெட் தேய்மானத்துக்குப் பேர்போன ஓ-320-எச்2ஏடி மாடலில் இதைத் தவிர்க்கவே கூடாது.

கழற்ற விற்பவர் சம்மதிக்க மாட்டாரே என்பது நியாயமான தடைதான். நல்ல எஞ்சினைக் காரணமின்றிப் பிரிக்க யாரும் விரும்பமாட்டார்கள். பிரித்துப் பூட்டும் செலவை நீங்கள் ஏற்பதாகவும், தகுதியுள்ள மெக்கானிக்கே அதைச் செய்வார் என்றும் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால், முழு ஓவர்ஹால் தேவைப்படும் எஞ்சினுக்கு உரிய விலையை மட்டும் சொல்லுங்கள். தொடர்ந்து பறந்த, பதிவுகள் முழுமையாக உள்ள 1,200 மணிநேர எஞ்சின், பத்தாண்டு கொட்டகையில் கிடந்த 300 மணிநேர எஞ்சினைவிடப் பெரும்பாலும் நல்ல தேர்வு. கண்ணால் பார்க்காத கேமுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.