அதிமதுரத்துக்கும் அளவு உண்டு

அன்புள்ள தம்பி,

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவப் படிப்பை முடித்து மந்தாரக்குப்பத்தில் வைத்தியசாலை திறந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து உன்னைத் தேடி முதலில் வருவது வயிற்றுக்காரர்கள்தான். மாறி மாறி வரும் ஷிப்ட், நள்ளிரவில் கேன்டீன் டீ, விடிந்ததும் வெறும் வயிற்றோடு தூக்கம். "அல்சர் சார், கேஸ் மாத்திரைக்கும் கேக்கல" என்று வந்து உட்காருவார்கள்.

நாடி பார். வயிற்று நோயான குன்மத்தின் எட்டு வகையில் எது என்றும் பார். கூடவே முதுகுவலிக்கு என்ன போடுகிறார் என்று கேள். "ஒண்ணுமில்ல சார்" என்பார். சட்டைப்பையில் டைக்ளோபினாக் அட்டை இருக்கும். நாள் முழுக்க டம்பரில் குலுங்குகிறவர் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை எந்தச் சூரணத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

அடுத்தது கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வுக்கூடத் தட்டில் இந்தக் கிருமியைக் கொல்லும் மூலிகைச் சாறுகள் ஏராளம். மனிதர் இரைப்பையில், ஆன்டிபயாடிக் சேர்ந்த 14 நாள் சிகிச்சைக்கு ஈடாக ஒன்றும் இன்னும் நிற்கவில்லை. நம் ஆட்கள் சிலருக்கு இது கசக்கும், எனக்குக் கசக்கவில்லை. மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினால், கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்.

அப்புறம் மூலிகைக்கு என்ன வேலை என்பாய். அதிமதுரத்தையே எடுத்துக்கொள். 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், ஒரு மருந்துக்கடைக்காரர் கொடுத்த அதிமதுரக் கலவையால் அல்சர் ஆறுவதைக் கவனித்தார். சிலருக்கு முகமும் காலும் வீங்கியதையும் கவனித்தார். அந்த வேரின் சத்திலிருந்து வந்த கார்பெனாக்சலோன், இரைப்பைப் புண்ணை ஆற்றும் என்று 1960களில் பிரிட்டனில் முறையான பரிசோதனையில் தெரிந்தது. வீக்கமும் கூடவே வந்தது. சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை அடக்கிவைக்கும் நொதியை அது தடுத்துவிடுகிறது; உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, பிரஷர் ஏறுகிறது. 1976இல் சிமெட்டிடின் என்ற புது அல்சர் மருந்து வந்ததும் கார்பெனாக்சலோனை ஓரங்கட்டிவிட்டார்கள்.

முழு வேரில் இருக்கும் கிளைசிரைசினுக்கும் இதே குணம்தான். தினமும் சாப்பிடுகிறவருக்கு ஐரோப்பிய நிபுணர் குழு வைத்த வரம்பு 100 மில்லிகிராம். வேரில் அது 5 சதவீதம் என்று வைத்தால், 2 கிராம் பொடியிலேயே வரம்பைத் தொட்டுவிடும். நம் வீடுகளில் யார் ஸ்பூனைத் தலைதட்டிப் போடுகிறார்கள்? பிரஷர்காரருக்கும் நீர் மாத்திரை போடுகிறவருக்கும் அதைக் கொடுக்காதே. மற்றவர்களுக்கும் நாள் குறித்துக் கொடு. பிரஷர் பார்க்காமல் மறுபடி கட்டிக் கொடுக்காதே.

வாழைக்காய் எனக்குப் பிடித்த சங்கதி. சன்யால் என்ற ஆய்வாளர் 1960களிலேயே ஆய்வுக்கூட விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதிலுள்ள லூகோசயனிடின்தான் இரைப்பையைக் காக்கிறது என்று 1999இல் ஒரு பிரிட்டிஷ் குழு எழுதியது. மணத்தக்காளிக்கும் பெரும்பாலும் எலிச் சான்றுதான். இரண்டும் சாப்பாடு, தாராளமாகச் சொல். எலி நைட் ஷிப்ட் போகாது என்பதை மட்டும் மறக்காதே.

மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறதா என்று எல்லோரிடமும் கேள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் விசாரி. அந்த மாத்திரை போடாமலேயே கறுத்தால் மருந்து கட்டாதே, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருநாள் கூலி போகுமே என்று தயங்குவார். அவர் மனைவியிடம் உன் போனிலிருந்தே பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்