ஊன்றிய வீடும் வைத்த வீடும்
பழைய வீட்டை இனங்கண்டு மதிப்பிடும் முறை

நூலின் தரத்தை விரல் நுனியால் அறியும் நெசவாளரும், விதையைக் கையிலெடுத்ததும் அதன் குணம் கூறும் உழவரும், பழைய வீடு வாங்கும்போது மட்டும் புதுச் சுண்ணாம்புப் பூச்சைக் கண்டு மயங்குவதுண்டு. பல்லாண்டுச் சேமிப்பும் கடனும் ஒரே நாளில் கைமாறும் காரியம் இது. ஆதலின், வீட்டை எவ்வாறு பார்ப்பது என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இருவகை வீடுகள்

எல்லா வீடுகளும் மனையிலேயே கல்மேல் கல் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த வீடுகளும் உண்டு. அவற்றுள் ஒருவகை, நிலத்தில் போட்ட அடித்தளத்தின்மேல் பாகங்களை நிலையாகப் பொருத்தியது. மற்றொன்று, இரும்புச் சட்டத்தோடு கொண்டுவந்து மனையில் இறக்கியது. இவற்றை ஊன்றிய வீடு, வைத்த வீடு என்று நம் வசதிக்காக அழைப்போம்.

அமெரிக்காவில் இவ்விரண்டையும் சட்டமே பிரித்துள்ளது. 1976 ஜூன் 15 முதல், வைத்த வீடுகள் மத்திய அரசின் விதிப்படி செய்யப்பட்டு, வெளிப்புறத்தில் சிவப்பு நிற உலோகத் தகடு பெறுகின்றன. ஊன்றிய வீடுகளோ அந்தந்த மாநிலம் அல்லது ஊரின் கட்டட விதிக்கு உட்பட்டவை. அங்கே பழைய வீடு வாங்குவோர் முதலில் தேடுவது அந்தத் தகட்டையே.

நம் நாட்டுக்கும் இம்முறை புதிதன்று. பிரிவினைக்குப்பின் வந்த அகதிகளின் வீட்டுத் தேவைக்காக 1948இல் தில்லியில் அரசாங்கம் ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் செய்த சுவர்ப் பலகைகள் வெடிப்புற்றன. ஆலைப் பொருள் என்பதனாலேயே அது குற்றமற்றதாகிவிடாது என்பதற்கு இது சான்று. காலம் சென்றபின் முறைகள் தேறின. சென்னைப் பெரும்பாக்கத்தில், முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டன.

இனங்காண்பது எவ்வாறு?

அமெரிக்காவைப் போலத் தகட்டை நம்பி இங்கே வீடு பார்க்க இயலாது. கண்ணும் கையுமே துணை.

1. மேற்கூரையை நோக்குக. மரச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். கோடின்றி ஒரே பரப்பாயிருந்தால் பெரும்பாலும் மனையிலேயே வார்த்த தளம். சம இடைவெளியில் நேர்க்கோடுகள் ஓடினால், தனித்தனிப் பலகைகளை இணைத்ததாயிருக்கலாம். பூச்சு மறைத்திருந்தால், பரண்மேல் பூசாத இடத்தில் பார்க்க.

2. சுவரைத் தட்டுக. ‘டொக்’ என்ற வெற்றொலி எழுந்தால் உள்ளே வெற்றிடமோ இலேசான பொருளோ இருக்கக்கூடும்.

3. அடியைக் குனிந்து பார்க்க. சுவர் நிலத்துள் இறங்குகின்றதா, இரும்புச் சட்டம் கற்களின்மேல் அமர்ந்துள்ளதா? வகையைத் தெளிவாகக் காட்டுவது இதுவே.

குறைகள்

பலகை வீட்டின் பலமும் பலவீனமும் இணைப்பிலே உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் சென்று இணைப்புகளில் கசிவும் துருக்கறையும் உண்டா எனக் காண்க. கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால் பொறியாளரின் கருத்தைக் கேளாமல் மேலே செல்லலாகாது. இத்தகைய வீடுகளில் சுவரே பாரந்தாங்கியாயிருக்கலாம். முன்னிருந்தவர் புதிதாக வாயில் வெட்டியிருந்தால் ஆபத்தே. தகரக் கூட்டு வீட்டில் சுவரின் கீழ்விளிம்பே முதலில் துருப்பிடிக்கும்.

நம் தொழிலையும் மறவாதீர். இரும்புச் சட்டத் தரையில் குழித்தறிக்குக் குழி தோண்ட முடியாது. ஜக்கார்டுப் பெட்டிக்கு உயரமும் போதாமற் போகலாம். வெயிலில் காயும் தகரக் கூரையின்கீழ் விதை வைத்தால் முளைப்புத்திறன் குன்றும்.

மனை யாருடையது?

வீட்டையும் மனையையும் தனித்தனியே விசாரித்தல் வேண்டும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பூமியோடு பிணைந்ததா என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்கின்றது. வெறுமனே வைத்த வீடு அசையும் பொருள் என்ற வாதத்துக்கு இடமுண்டு. பிறர் மனையில் அது நின்றால், வாங்குபவருக்கு மிஞ்சுவது கூடு மட்டுமே.

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் இவ்விசாரணை மிக இன்றியமையாதது. வீடு விற்பவருடையதாகவும், மனை கோயிலுடையதாகவும் இருக்கக்கூடும். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியின்றிச் செய்த கோயில் நில விற்பனை செல்லாது. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. வீட்டுவரி ரசீது மட்டும் உரிமைக்குச் சான்றாகாது.

மதிப்பீடு

விற்பவர் ரூ. 20 லட்சம் கேட்கிறார் என்று கொள்வோம். அக்கம்பக்க விலைப்படி மனை ரூ. 12 லட்சம் பெறும். அதே வகையில், நல்ல நிலையிலுள்ள, அதே வயதுடைய கட்டடம் ரூ. 6 லட்சம் பெறும். பழுது நீக்க ரூ. 2 லட்சம் ஆகும். ஆகவே உண்மை மதிப்பு ரூ. 16 லட்சமே. மனை பிறருடையதாயின், 12 லட்சத்தையும் நீக்கிவிட வேண்டும். எஞ்சுவது 4 லட்சம். ஒரே வீட்டின் மதிப்பு எத்துணை மாறுகின்றது, காண்க!

கலந்தாய்வுக்கு

1. நம் தெருவில் உள்ள வீடுகளின் கூரைகள் எவ்வகையைச் சேர்ந்தவை?
2. குழித்தறி போடத் தக்க வீட்டுக்கு வேண்டிய இலக்கணங்கள் யாவை?
3. வீடு வாங்கும் அங்கத்தினருக்காகச் சங்கமே ஒரு பொறியாளரையும் ஆவண எழுத்தரையும் ஏற்பாடு செய்ய இயலுமா?